கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது

தமிழ் இலக்கியத்தில் ஓலைக் குடம் தலைகாட்டும் இடம் அவ்வளவு மங்கலமானதல்ல. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு பாலை வழியைக் காட்டுகிறார். அங்கே விழுந்து கிடக்கும் மறவர்களின் குடலைக் கழுகுகள் பிடுங்கி இழுக்கின்றன. அதற்குப் புலவர் பிடித்த உவமைதான் வேடிக்கை. கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடம்; முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதை உடைத்து, உள்ளே கிடக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்கள். கழுகு குடலை இழுப்பது அதைப் போல இருக்கிறதாம். வாக்கு எண்ணிக்கை நாளில் காலை எட்டு மணியிலிருந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த உவமை அப்படியொன்றும் விசித்திரமாகப் படாது.

அது பதவிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓலைதானா, வெறும் பத்திர ஓலையா என்று வாதாட இடமுண்டு. தேர்வு ஓலை என்று கொள்பவர்களே அதிகம். எப்படியானாலும், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை வழக்கத்தை, அதற்குப் பேர்போன உத்திரமேரூர்தான் பெற்றெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. சபை விதிகளைக் கல்லில் வெட்டியதிலும் அதற்கு மூத்த ஊர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், ஏறக்குறைய பொது ஆண்டு 800இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அதில் ஒரு விதி: எந்தத் தீர்மானம் வந்தாலும் ‘கூடாது’ என்று குறுக்கே விழுந்து காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். அந்த ஊரில் அப்படி ஒரு ஆசாமி இருந்திருக்க வேண்டும். சும்மா யாரும் கல் தச்சனைக் கூப்பிட மாட்டார்கள்.

அப்படியானால் உத்திரமேரூரில் பிறந்தது என்ன? என் கணக்கில், கையை நீட்டிப் பெயரை எடுக்கும் சடங்கைவிட, யார் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே கூடாது என்று தீர்த்துச் சொன்ன பட்டியல். மேடைகளில் குடத்தைப் பற்றியே பேசிப் பேசி, அந்தப் பட்டியலை நாம் விட்டுவிட்டோம்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் நாட்டில் உள்ள ஊர் இது. பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், வேதியர்களுக்குத் தானமாக விட்ட பிரமதேயம். அன்றைய பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். வார்டு போன்ற முப்பது குடும்புகள், பன்னிரண்டு சேரிகள். இன்று பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் மண்டபத்தில்தான் சபை கூடியது. மண்டபத்தின் அடித்தளத்திலும் சுவர்க் கல்லிலுமாக எழுத்து ஓடுகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகையைத் தாண்டி உள்ளே போனால், கல்வெட்டு தெரிந்தவர் ஒருவர் உடன் இல்லாவிட்டால், வரிவரியாக எறும்பு ஊர்ந்த தடம்தான் கண்ணுக்குப் படும்.

முதல் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. அரசன் ஆணையோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி வந்து உடனிருக்க, ஆண்டுக்கு ஒருமுறை வாரியங்கள் எனப்படும் ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று சபையார் ஒரு வியவஸ்தை, அதாவது ஏற்பாடு, செய்தார்கள். கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், மறுபடி அரசன் ஆணை, சோழ நாட்டிலிருந்து சோமாசிப் பெருமான் என்ற இன்னொரு அதிகாரி, மறுபடி சபை, மறுபடி கல்வெட்டு. இம்முறை விதி நீளம், நுணுக்கமும் கூடுதல். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்றாயிற்று. இரண்டே ஆண்டில் கல்லில் வெட்டியதைத் திருத்துகிறார்கள் என்றால், முதல் விதியில் எங்கோ ஓட்டை இருந்து, அதன் வழியாக யாரோ புகுந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். கல்வெட்டு பெயர் எதுவும் சொல்லவில்லை. துஷ்டர் கெட்டு நல்லவர் தழைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று மட்டும் சொல்கிறது. துஷ்டர் யார் என்பது அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெயர் குடத்துக்குள் போக என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம். இன்றைய கணக்கில் சுமார் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். சொந்த மனையில் சொந்த வீடு. வேதத்தில் மந்திரமும் பிராமணமும் கற்று, பிறருக்கு ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைவாக, அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால், ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் வல்லவராக இருந்தால் போதும். காரியத்தில் நிபுணராக, நல்வழியில் வந்த பொருள் உள்ளவராக, ஒழுக்கமானவராக இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவராக இருக்கக் கூடாது.

அடுத்து வருவதுதான் பட்டியல். ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் முதலில். அவரோடு நிற்கவில்லை. அவருடைய சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், அவரோடு உடன்பிறந்தவர், மாமனார், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளைக் கட்டியவர், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் பெயரையும் குடவோலையில் எழுதக் கூடாது. ஐம்பெரும் பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர்களும் அவர்கள் உறவினரும் அப்படியே. பிறர் பொருளை அபகரித்தவர், ஊருக்கு முள்ளாக இருப்பவர், துணிந்து அடாதது செய்பவர், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர், கள்ளக் கையெழுத்துப் போட்டவர். உண்ணத் தகாததை உண்டுவிட்டுப் பிராயச்சித்தம் செய்துகொண்டவருக்குக்கூட வாழ்நாள் முடியும்வரை இடமில்லை. பாவம் போகலாம், பதவி வராது.

இந்த உறவுப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதென்ஸ் நினைவுக்கு வரும். அங்கும் பதவிகளுக்குப் பெரும்பாலும் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். அதற்கென்று துளைகள் வரிசையாகக் குடைந்த கற்பலகைகூட வைத்திருந்தார்கள். பதவி முடிந்தவர் கணக்கு ஒப்படைத்துத் தணிக்கை முடியும்வரை நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஆனால் அங்கே இப்படி ஒரு நீண்ட உறவுப் பட்டியல் கிடையாது. மைத்துனன் பெயரில் காரியம் நடத்தும் கலையை உத்திரமேரூர்க்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் போலும்.

இனி சடங்கு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதுவார்கள். குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை ஒன்றையும் சேர்த்துக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் அடங்கிய மகாசபை கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார்களில் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து சிறுவன் ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான்.

அந்தக் கை எப்படி இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் மத்தியஸ்தன் ஓலையை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! வாங்கியதை அவர் வாசிப்பார். வாசித்ததை உள்ளே இருக்கும் நம்பிமார் ஒவ்வொருவரும் வாங்கி மறுபடி வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் ஏறும். தூக்கிக் காட்டு, குலுக்கு, விரலை விரி, உரக்கப் படி என்று ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவருடைய பழைய கைவரிசை தெரிகிறது.

வெனிஸ் நகரத்திலும் இப்படி ஒரு சிறுவன் உண்டு. 1268இல் வகுத்த முறைப்படி அங்கே தலைவரைத் தேர்ந்தெடுக்க, திருவுளச் சீட்டும் வாக்கெடுப்பும் மாறி மாறிப் பல சுற்று நடக்கும். சீட்டுக்கான உருண்டைகளை எடுக்க, தேவாலயத்து வாசலில் கண்ணில் படும் ஒரு சிறுவனைப் பிடித்து வருவார்கள். 1797இல் அந்தக் குடியரசு விழும்வரை இது நடந்தது. உத்திரமேரூர்ச் சிறுவன் அவனுக்கு மூன்றரை நூற்றாண்டு மூத்தவன். ஒருவரை ஒருவர் கேள்விப்படாத இரண்டு ஊர்களும், பெரியவர்கள் கையை நம்ப முடியாது என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இப்படி முப்பது குடும்புக்கு முப்பது பேர் கிடைப்பார்கள். இவர்களில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் என்று பார்த்துப் பன்னிரண்டு பேரைச் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு, எடுப்பார்கள். மிச்சத்தில் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுப்பு. பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கம்.

ஆறே பேர் கொண்ட ஏரி வாரியம் சின்னதென்று தள்ளிவிடக் கூடாது. வயிரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் பெரிய ஏரி இந்த ஊருக்கு உயிர். தூர் எடுக்க, கரை கட்ட, தானமாக வந்த பொன்னை முதலாக வைத்து வட்டியில் வேலை நடத்த, எல்லாவற்றுக்கும் காசு இந்த ஆறு பேர் கை வழியாகப் போகும். ஒரு வருஷம் தூர் எடுக்காமல் எடுத்ததாக எழுதினால் அடுத்த கோடையில்தான் தெரியும். கணக்கைப் பற்றி இத்தனை பதற்றம் எங்கிருந்து வந்தது என்பது ஏரிக்கரையில் நின்றால் புரியும்.

இனி, மேடைப் பேச்சாளர்கள் தாண்டிப் போய்விடும் சங்கதி. இது வாக்களிப்பு அல்ல. யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. தகுதி விதி வடிகட்டுகிறது, திருவுளம் முடிவு செய்கிறது. அந்த வடிகட்டியில் நிலமில்லாதவர் இல்லை, வேதம் ஓதாதவர் இல்லை, பெண் இல்லை. ஏரியில் மண் சுமந்தவர் பெயர் அந்தக் குடத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை. வேளாளர் ஊர்களில் ‘ஊர்’ என்ற அவையும் வணிகர்களுக்கு ‘நகரம்’ என்ற அவையும் தனியே இருந்தன. அவற்றிலும் உழைப்பாளிக்கு நாற்காலி போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று சுவரொட்டி அடிப்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கும்.

கல் ஆயிரம் ஆண்டு சும்மா கிடந்தது. 1898இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். அந்த ஆண்டின் பட்டியலில் முதலிரண்டு எண்களே இந்த இரண்டு கல்வெட்டுகளுக்குத்தான். கல்வெட்டறிஞர் வெங்கய்யா அவற்றைப் படித்துத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். 1930களில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய நூலில் வரிவரியாக ஆராய்ந்தார். சுயராஜ்யம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. உங்களுக்கு ஆளத் தெரியாது என்று சொன்ன வெள்ளைக்காரனிடம் காட்ட நம் கையில் ஒரு கல் கிடைத்தது. குடவோலையின் இரண்டாம் பிறப்பு அங்கே தொடங்குகிறது. கல்லில் இருந்தது கணக்கு விதி. பத்திரிகையில் அது ஜனநாயகமாயிற்று.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்த அம்பேத்கர், கிராமத்தை அலகாகக் கொள்ளாததற்குக் காரணம் சொன்னார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்பது அவர் கருத்து. காந்தியர்களுக்குச் சுருக்கென்றது. நவம்பர் 22 அன்று கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கான திருத்தத்தைக் கொண்டுவந்தார். அந்த விவாதத்தில்தான் டி. பிரகாசம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் பேசினார். ஓலை வாக்குச் சீட்டானது, குடம் வாக்குப் பெட்டியானது. அம்பேத்கர் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அதுதான் அரசியல் சட்டத்தின் இன்றைய 40ஆவது உறுப்பு. பிரகாசம் சொன்னது அந்தக் கல்லில் இருக்கிறது. அம்பேத்கர் அஞ்சியதும் அதே கல்லில், தகுதி விதியாக, இருக்கிறது. அன்று சபையில் யாராவது முழுக் கல்வெட்டையும் வாசித்திருந்தால் இரண்டு கட்சிக்கும் அதிலேயே சாட்சி கிடைத்திருக்கும்.

பிறகு வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வந்தது. உத்திரமேரூர் சட்டமன்றத் தொகுதியும் ஆயிற்று. 1967இலும் 1971இலும் திமுகவின் கே.எம். ராஜகோபால். 1980இல் அதிமுகவின் ஜெகத்ரட்சகன். பின்னாளில் திமுகவில் சேர்ந்து மத்திய இணையமைச்சர் ஆனவர். 1984இல் அதிமுகவின் நரசிம்ம பல்லவன். பல்லவன் தானமாகக் கொடுத்த ஊருக்குப் பல்லவன் என்ற பெயரிலேயே ஒரு எம்.எல்.ஏ. வாய்த்தது தற்செயல்தான், ஆனால் ரசிக்கலாம். 1989இல் திமுகவின் க. சுந்தர், 1991இல் அதிமுகவின் காஞ்சி பன்னீர்செல்வம், 1996இல் மறுபடி சுந்தர், 2001இல் அதிமுகவின் வி. சோமசுந்தரம், 2006இல் சுந்தர், 2011இல் அதிமுகவின் வாலாஜாபாத் பா. கணேசன். 1980 தொடங்கி இந்த எட்டுத் தேர்தலிலும், கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்ததோ அந்தக் கட்சிக்காரரையே உத்திரமேரூர் அனுப்பியிருக்கிறது. 2016இல்தான் அந்த ராசி முறிந்தது. ஆட்சி அதிமுகவுக்கு, தொகுதி சுந்தருக்கு. 2021இலும் அவரே, சோமசுந்தரத்தோடு கடும் போட்டி. ஐந்து முறை ஒருவரே என்பது 921ஆம் ஆண்டின் மூன்றாண்டு இடைவெளி விதியை எழுதியவர்களுக்கு விளங்கியிருக்காது. வாக்களித்து அனுப்பும் முறையில் அப்படி ஒரு தடை போடவும் முடியாது.

இன்னொரு மாற்றம் அவர்களைத் திகைக்க வைத்திருக்கும். தொகுதி மறுவரையறைக்குப் பின், 2009 முதல், உத்திரமேரூர் அடங்கிய காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. வேதம் ஓதாதவர் பெயர் குடத்தில் விழ முடியாத ஊருக்கு, நாடாளுமன்றத்தில் பேச இன்று பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்க முடியும். பிரகாசத்தின் பேச்சைவிட இதுதான் உத்திரமேரூரின் பெரிய தேர்தல் செய்தி என்று நான் சொல்வேன்.

2020 டிசம்பர் 10 அன்று புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். ஊரில் பலருக்கும் பெருமை. ஆனால் அன்றைய தேதியில் உத்திரமேரூர்ப் பேரூராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. பிறகு வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு, மேலும் வழக்குகள். 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களின் கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தபோதும் காஞ்சிபுரம் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களில் ஒன்று. சுற்றுக் கிராமங்கள் 2021 அக்டோபரில் வாக்களித்தன. பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 360 நாளைக்கு ஒருமுறை ஓலை எடுத்த ஊரைத் தனி அலுவலர் ஐந்தாண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டார். இன்னொரு சின்னக் கூத்து: கிராம சபை என்றால் நாடே உத்திரமேரூரைச் சொல்கிறது, ஆனால் அது பேரூராட்சி என்பதால் கிராம சபைச் சட்டம் அந்த ஊருக்குப் பொருந்தாது.

குடம் மட்டும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் அது ஒளிந்திருக்கிறது: இரண்டு வேட்பாளர்களுக்கும் சமமான வாக்கு விழுந்தால் திருவுளச் சீட்டு. உள்ளாட்சித் தேர்தல்களில் சின்ன வார்டுகளில் இது அவ்வப்போது நடக்கிறது. கையில் கிடைத்த பாத்திரத்தில் இரண்டு துண்டுச் சீட்டைப் போட்டு அதிகாரி குலுக்குகிறார்.

பட்டியலுக்கும் அதே சட்டத்தில் ஒரு மெலிந்த வாரிசு உண்டு. 10ஏ பிரிவு. தேர்தல் செலவுக் கணக்கை உரிய காலத்தில், உரிய முறையில் ஒப்படைக்காத வேட்பாளருக்கு, தக்க காரணம் இல்லையென்றால், மூன்றாண்டு தகுதியிழப்பு. கேட்பது அவர் தேர்தலில் செய்த செலவின் கணக்கை. பதவியில் இருந்தபோது ஊர்ப் பணத்தை என்ன செய்தார் என்ற கணக்கு வேறு சட்டங்கள், வேறு தணிக்கைகள், வேறு நீதிமன்றங்களின் பாடு. தடையும் அவர் ஒருவருக்குத்தான். அந்த மூன்றாண்டில் அவருடைய மகன் நிற்கலாம், மருமகன் நிற்கலாம், மனைவியோடு பிறந்தவர் தாராளமாக நிற்கலாம்.